வழி எழுதாத விடைகள்

வல்வெட்டித்துறையையும் நெல்லியடியையும் அயலாகக் கொண்ட உடுப்பிட்டி, கல்வியால் பெயர்பெற்ற வடமராட்சி ஊர்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பாடசாலைகளும் சிவசம்புப் புலவரின் தமிழும் இவ்வூருக்குப் பெருமை சேர்த்தன. அதே நூற்றாண்டில் குடாநாட்டில் கணிதமும் வேரூன்றியது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய கறோல் விசுவநாதபிள்ளை, 1855இலேயே அட்சரகணிதத்தைத் தமிழில் ‘வீசகணிதம்’ என்ற நூலாகத் தந்தார். இருபதாம் நூற்றாண்டில், உடுப்பிட்டிக்கு அண்மையிலுள்ள பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்ற எலியேசர் கேம்பிரிட்ஜ் வரை சென்று உலகறிந்த கணிதப் பேராசிரியரானார்.

இத்தகைய மண்ணில் இன்றும் மாலை வேளைகளில் பிள்ளைகள் சைக்கிள்களில் தனியார் கல்வி நிலையங்களுக்கு விரைவதைக் காண்கிறோம். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி, எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை வேறு விதமாக இருப்பதுண்டு. கணக்கை வாசித்ததும் அந்தப் பிள்ளை விடையை எழுதிவிடும். விடை சரியாக இருக்கும், வழி இராது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது விழிக்கும். ஆசிரியர் பார்த்தெழுதியதாகச் சந்தேகிப்பார். அல்லது வழி இல்லாத விடைக்குப் புள்ளி இல்லை என்று சிவப்பு மையால் கோடிழுப்பார். பெற்றோரோ பிள்ளைக்குக் கவனம் போதாது என்று கவலைப்படுவர்.

அந்தப் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்விக்கு, இற்றைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நம்மைப் போலவே தமிழ் பேசும் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பரீட்சைகளில் தோற்று, பின்னர் உலகமே வியந்து நோக்கிய ஒருவரின் வாழ்க்கை விடை தருகிறது. அவர் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். வீட்டில் வறுமை இருந்தது. படிப்பின் மீது மதிப்பும் இருந்தது. 1897இல் நடந்த ஆரம்பப் பரீட்சையில் மாவட்டத்தில் முதலாவதாகத் தேறி, அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அவரது பள்ளி நாள்களைப் பற்றி வழங்கும் கதை ஒன்று பலரும் அறிந்தது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் பழங்களை உதாரணங்காட்டிக் கற்பித்தாராம். பழமே இல்லாதபோது, பங்கு கேட்க ஆளும் இல்லாதபோது ஒருவருக்கு ஒரு பழம் கிடைக்குமா என்று சிறுவன் இராமானுஜன் கேட்டானாம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது பற்றிய அந்தக் கேள்வி பாடத்தைக் குழப்புவதற்காகக் கேட்கப்பட்டதன்று. விதி எங்கே உடைகிறது என்று பார்க்கும் மனத்தின் இயல்பு அது. ஆக்கச் சிந்தனையின் முதல் அடையாளம் வேகமன்று, இத்தகைய கேள்வியே எனலாம்.

பதின்மூன்று வயதளவில் மேல் வகுப்பு மாணவருக்குரிய லோனியின் திரிகோணகணித நூலைத் தாமாகவே கற்று முடித்தார். சைன், கோசைன் ஆகியவற்றைப் பற்றிய ஓர் உறவைத் தாமே கண்டுபிடித்து மகிழ்ந்திருந்தவர், அது நெடுநாளைக்கு முன்னரே அறியப்பட்டதென்று பிறகு தெரிந்ததும் எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தார் என்பர். ஏற்கெனவே அறியப்பட்டதைத் தானாகக் கண்டடைவது வெட்கப்பட வேண்டியதன்று; அதுவே கணிதத்தின் பயிற்சி. அதை அச்சிறுவனுக்குச் சொல்ல அருகில் எவரும் இருக்கவில்லை.

எனினும் அப்பள்ளி அவரைக் கைவிட்டதென்று சொல்ல முடியாது. மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர், ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவரும் முப்பதுக்கு மேற்பட்ட ஆசிரியரும் கொண்ட பள்ளிக்கு முரண்பாடின்றி நேரசூசி தயாரிக்கும் சிக்கலான வேலையை அவரிடம் ஒப்படைத்தார். பாடநூலுக்கு வெளியே உள்ள உண்மையான பிரசினமொன்றைத் தீர்க்கக் கொடுத்து ஒரு மாணவனை மதித்த செயல் அது. 1904இல் கணிதத்துக்கான பரிசையும் பள்ளி அவருக்கு வழங்கியது.

இதற்கிடையில் 1903இல், நண்பர் மூலம் ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. ஜோர்ஜ் காரர் என்ற இலண்டன் தனிப்பயிற்சி ஆசிரியர், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குத் தோற்றும் மாணவருக்கென்று தொகுத்த கணிதச் சுருக்கம் அது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள் அதில் வரிசையாக எண்ணிடப்பட்டிருந்தன. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் ஓரிரு வரிக் குறிப்புகளே. நம் மொழியில் சொன்னால் அது ஒரு ‘ரியூசன் நோட்ஸ்’. பரீட்சைக்கு முதல்நாள் புரட்டிப் பார்ப்பதற்கான நூலே, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித ஆக்கத்திறனைத் தட்டியெழுப்பியது என்பது வியப்பான உண்மை.

காரணம் எளியது. நிறுவல் இல்லாத ஒவ்வொரு வரியும் இராமானுஜனுக்கு ஒரு புதிய கணக்காயிற்று. மற்றவர்கள் மனப்பாடம் செய்யும் இடத்தில் அவர் இடைவெளியை நிரப்பினார். நிரப்பும்போது நூலில் இல்லாதவற்றையும் கண்டார். ஆகவே நோட்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மையன்று. அதில் பிள்ளை தானாகச் செய்வதற்கு ஏதேனும் மீதம் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

ஆனால் அந்நூல் அவருக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. கணிதம் எழுதுவதென்றால் முடிவை மட்டும் எழுதுவது என்ற பழக்கத்தை அது ஊட்டியது. வறுமையும் அதற்குத் துணைபோனது. கடதாசி விலையானது, ஆகவே அவர் சிலேட்டில் கணக்குச் செய்து, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மாத்திரம் குறிப்பேட்டில் பதிந்தார். இராமானுஜனின் குறிப்பேடுகளில் வழி இல்லாதிருப்பது அவரிடம் வழி இல்லாததனாலன்று. அவ்வழியெல்லாம் சிலேட்டிலிருந்து அழிந்து போயிற்று. ஒரு மாணவனின் சிந்தனைப் பாங்கு பிறவியால் மட்டும் அமைவதில்லை. அவன் படித்த நூலும் எழுதிய பலகையும் அதை உருவாக்குகின்றன.

1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிய அவர் ஆங்கிலம் முதலிய பாடங்களில் தவறியதால் புலமைப்பரிசிலை இழந்தார். 1905 ஓகஸ்டில் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் எப்.ஏ. பரீட்சையில் தோல்வியே கிடைத்தது. இருபது வயதில் பட்டமில்லை, தொழிலில்லை. அவரிடமிருந்தவை கணிதம் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே.

1909 ஜூலையில் ஜானகியை மணம் முடித்தபின் வேலை தேடவேண்டிய நிலை வந்தது. 1910இல், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவருமான இராமசாமி ஐயரை நாடிச் சென்று எழுதுவினைஞர் பதவி கேட்டார். குறிப்பேடுகளைப் புரட்டிய இராமசாமி ஐயர், வருவாய்த்துறையின் அடிமட்ட வேலையில் இந்த அறிவை அமுக்கிவிட மனமின்றி, அறிமுகக் கடிதத்துடன் சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவிடம் வந்து சேர்ந்தார். இராமச்சந்திரராவ் முதலில் நம்பவில்லை. இராமானுஜன் எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அவரை அழைத்துச் சென்றபோது அவரது ஐயம் அகன்றது. சில காலம் மாதந்தோறும் 25 ரூபா உதவினார். வழி எழுதத் தெரியாதவர் என்று சொல்லப்பட்டவருக்கு, எதிரே பொறுமையுள்ள ஒருவர் அமர்ந்திருந்தபோது வழி சொல்லத் தெரிந்தே இருந்தது.

1911இல் அவரது முதற் கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. அது மிகச் சுருக்கமாக எழுதப்பட்டிருந்ததால் பதிப்பாசிரியர் பலமுறை திருப்பியனுப்பித் திருத்தச் செய்யவேண்டியிருந்தது. அதே இதழில் வாசகருக்கென இராமானுஜன் ஒரு வினாவை விடுத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றித் தொடரும் ஒரு கோவை அது. ஒன்றுடன், ஓர் உள் வர்க்கமூலத்தின் இரு மடங்கைக் கூட்டி வர்க்கமூலம் காண்க. அந்த உள் வர்க்கமூலமோ, ஒன்றுடன் அடுத்ததன் மும்மடங்கைக் கூட்டியதாகும். அதற்குள் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று இப்படியே முடிவிலி வரை. இதன் பெறுமானம் என்ன என்பதே கேள்வி. மாதங்கள் கடந்தும் எவரிடமிருந்தும் விடை வரவில்லை. விடை 3.

இதை நமது தரம் 10 மாணவரும் விளங்கிக்கொள்ளலாம். மூன்று என்பது ஒன்பதின் வர்க்கமூலம். ஒன்பது என்பது 1 + 2 × 4. அந்த நான்கு பதினாறின் வர்க்கமூலம். பதினாறு என்பது 1 + 3 × 5. அந்த ஐந்து இருபத்தைந்தின் வர்க்கமூலம். இருபத்தைந்து என்பது 1 + 4 × 6. இப்படியே உள்ளே உள்ளே போகலாம். கோவையைப் பார்த்து விடையைத் தேடுபவர் திகைக்கிறார். விடையிலிருந்து பின்னோக்கி நடந்து கோவையைக் கட்டியவரோ சிரிக்கிறார். முடிவிலி வரை போகும்போது அது உண்மையில் மூன்றில் நிலைபெறுகிறது என்பதைத் தனியே நிறுவவேண்டும் என்பது வேறு. ஒரு கணக்கைத் தீர்ப்பதைவிட ஒரு கணக்கை ஆக்குவது உயர்ந்த சிந்தனை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் பல நூறு கணக்குகளைத் தீர்க்கிறார்கள். அவர்களிடம் ஒரு கணக்கையாவது ஆக்கித் தருமாறு நாம் கேட்பதில்லை.

1912 மார்ச் முதலாம் திகதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் அறிந்தவர். வேலை முடிந்த பின் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்வர். இராமானுஜன் ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதைப் பின்தொடர முடியாமல் நாராயண ஐயர் தடுமாறுவார். அவர் இராமானுஜனைக் குறைகூறவில்லை, சந்தேகிக்கவுமில்லை. தனக்கே விளங்காதபோது மற்றவர்களுக்கு எப்படி விளங்கும், ஆகவே இரண்டு படிகளுக்கிடையே பத்துப் படிகளை எழுதித் தரவேண்டும் என்று அன்பாக வற்புறுத்தினார். கணித ஆசிரியர் ஒவ்வொருவரும் மனங்கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது. வழி எழுதுமாறு கேட்பது தண்டனையாகவும் இருக்கலாம். ஒருவரது எண்ணத்தை அறியும் ஆவலாகவும் இருக்கலாம். நாராயண ஐயர் கேட்டது இரண்டாவது வகை.

1913 ஜனவரி 16ஆம் திகதி இராமானுஜன் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இங்கிலாந்துக் கணிதர்களுக்கு எழுதியும் பயன் கிட்டியிருக்கவில்லை. ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் ஏறக்குறைய 120 தேற்றங்கள் இருந்தன, நிறுவல் இல்லை. சில அறியப்பட்டவை, சில தவறானவை, சில எவரும் கண்டிராதவை. ஹார்டியும் அவரது நண்பர் லிற்றில்வூட்டும் ஒரு மாலை முழுவதும் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணிதர் என்ற முடிவுக்கு வந்தனர்.

ஹார்டியின் மனப்பாங்கு இராமானுஜனுடையதற்கு நேர் எதிரானது. கடுமையான நிறுவலே அவருக்குக் கணிதம். ஆனால் பரீட்சை ஒரு மனிதனை அளக்கப் போதாது என்பதையும் அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணிதப் பரீட்சையில் நான்காம் இடம் பெற்றிருந்தும் அம்முறையை வெறுத்தவர் அவர். 1909இல் அப்பரீட்சையின் தரவரிசைப் பட்டியல் கைவிடப்படுவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். இத்தகையவர் கையில் அக்கடிதம் சேர்ந்தது நற்பேறு.

1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆய்வு உதவி வழங்கியது. 1914 தொடக்கத்தில் விரிவுரைக்காகச் சென்னை வந்த நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணிதர் இராமானுஜனின் தயக்கம் தீர உதவினார். மார்ச் 17ஆம் திகதி ‘நெவாசா’ என்ற கப்பலில் புறப்பட்டு ஏப்ரலில் இலண்டனை அடைந்தார்.

அவ்வாண்டு டிசெம்பரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, சிந்தனைப் பாங்குகளின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தையாக விளங்கிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். இராமானுஜன் தம் அறையில் மரக்கறி சமைத்துக்கொண்டிருக்க, மகலனோபிஸ் சஞ்சிகையொன்றில் வந்த புதிரை வாசித்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று இலக்கமிடப்பட்டுள்ளது. ஒரு வீட்டுக்கு இடப்புறத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை வலப்புறத்து இலக்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் எனின், அந்த வீட்டின் இலக்கம் என்ன? மகலனோபிஸ் முயன்று பார்த்துச் சில நிமிடங்களில் விடை கண்டிருந்தார். 288 வீடுகள், வீட்டிலக்கம் 204.

இராமானுஜன் கரண்டியைக் கையில் வைத்தபடியே ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதன் ஒரு படி அப்புதிரின் விடை. மற்றப் படிகள், வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை விதிக்காவிடின் வரும் மற்ற விடைகள். எட்டு வீடுகள் எனின் ஆறாம் வீடு, நாற்பத்தொன்பது வீடுகள் எனின் முப்பத்தைந்தாம் வீடு, இப்படி முடிவின்றி. ஒருவர் கேட்ட கணக்குக்கு விடை கண்டார். மற்றவர் அக்கணக்கு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டார். இரண்டும் அறிவே. மகலனோபிஸின் முறையை எவரும் குறைவாக மதிக்கவேண்டியதில்லை. அவரும் பெரும் விஞ்ஞானியானவரே.

பிற்காலத்தில் சோவியத் உளவியலாளர் குருத்தெட்ஸ்கி, கணிதத்தில் வல்ல பள்ளிப் பிள்ளைகளை நீண்ட காலம் ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட நூலில், அவர்களை மூன்று பாங்கினராகக் கண்டார். சொல்லாலும் தருக்கத்தாலும் சிந்திப்போர் ஒரு வகை. உருவத்தாலும் காட்சியாலும் சிந்திப்போர் இன்னொரு வகை. இரண்டையும் இணைப்போர் மூன்றாவது வகை. மூவகையினரும் கணிதத்தில் வல்லவராகலாம் என்பதே அவரது ஆய்வின் சாரம். ஆயினும் வகுப்பறைகள் பெரும்பாலும் முதல் வகைக்கே இடமளிக்கின்றன.

கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. நிறுவல் என்றால் என்ன என்பதை இராமானுஜனுக்குக் கற்பிக்காவிட்டால் அவர் தவறுகளில் மாட்டுவார். பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் அனுப்பிய சூத்திரம் அப்படித்தான் தவறாயிற்று. கற்பிப்பதாகச் சொல்லி அவரை வற்புறுத்தினாலோ, அவரது தன்னம்பிக்கையும் ஊற்றும் வற்றிவிடலாம். கற்பிக்க முயன்ற லிற்றில்வூட், ஒன்றைச் சொல்லத் தொடங்கியதும் இராமானுஜனிடமிருந்து புதிய எண்ணங்கள் பொங்கி வந்து பாடமே நின்றுவிடும் அனுபவத்தைப் பெற்றார். ஹார்டி நடுவழியைத் தேர்ந்தார். தேவையானதை மட்டும், தேவையான அளவில் கற்பித்தார். தாம் கற்பித்ததைவிட அவரிடமிருந்து கற்றதே அதிகம் என்பதையும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இக்கூட்டுறவின் சிகரம் 1918இல் வெளிவந்த எண் பிரிவினை பற்றிய கட்டுரை. ஐந்து என்ற எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக ஏழு வகையில் எழுதலாம். பத்தை 42 வகையில். நூறை எழுதும் வகைகளோ 19 கோடியைத் தாண்டும். எந்த எண்ணுக்கும் இவ்வெண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தை இருவரும் கண்டனர். அதைச் சோதிக்க மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டார். முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி மக்மேகன், 200 வரையுள்ள எண்களுக்குக் கையால் கணித்துத் தந்தார். இருநூறுக்கு அவர் கண்ட விடை 3972999029388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளே அதே எண்ணை, மிகச் சிறிய தசமப் பின்னத்தின் வேறுபாட்டுடன், தந்தன.

உள்ளுணர்வு ஒருவருடையது, நிறுவல் ஒருவருடையது, அயராத கணிப்பு ஒருவருடையது. மூன்று மனப்பாங்குகள் சேர்ந்து ஒரு வேலையை முடித்தன. அதே மக்மேகன் பட்டியலை உற்றுநோக்கிய இராமானுஜன், 4, 9, 14, 19 என ஐந்தைந்தாக உயரும் எண்களின் பிரிவினை எண்ணிக்கைகள் யாவும் ஐந்தால் மீதமின்றி வகுபடுவதைக் கண்டார். பட்டியலைச் செய்தவர் கண்ணுக்குப் படாத ஒழுங்கு அவர் கண்ணுக்குப் பட்டது. பட்டியல் இல்லாதிருந்தால் அவர் பார்ப்பதற்கும் எதுவும் இருந்திராது.

இராமானுஜனின் ஆற்றலைத் தெய்வ அருளாகக் கொள்வோர் உண்டு. குலதெய்வமான நாமகிரித் தாயாரை அவர் போற்றியதும், இரவில் விழித்தெழுந்து விளக்கொளியில் எழுதியதாக வழங்கும் செய்திகளும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். அவரது நம்பிக்கையை நாம் மதிக்கவேண்டும். ஆனால் நெடுநாள் உழைத்த மனத்தில், ஓய்வின்போது திடீரென விடை பளிச்சிடுவதைப் பிரான்சின் புவான்கரேயும் தம் அனுபவமாக எழுதியுள்ளார். ஆயத்தம், உள்ளுறைவு, பளிச்சிடல், சரிபார்த்தல் என ஆக்கச் சிந்தனையின் நான்கு கட்டங்களை வொலஸ் 1926இல் வகுத்தார். முதற் கட்டம் இல்லாமல் மூன்றாவது வருவதில்லை. மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஹார்டி வந்த வாடகைக் காரின் 1729 என்ற இலக்கம், இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்று இராமானுஜன் உடனே சொன்ன கதை உலகறிந்தது. பன்னிரண்டின் கனமும் ஒன்றும் ஒரு வகை. பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் இன்னொரு வகை. அச்சமன்பாடு அவரது குறிப்பேடுகளிலும் காணப்படுகிறது. கணப்பொழுதில் பிறந்ததாகத் தோன்றிய விடைக்குப் பின்னால் அவ்வெண்களோடு அவர் கொண்டிருந்த நெடுநாட் பழக்கம் நின்றது.

1916இல் ஆய்வின் மூலம் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. 1918இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்துவமும், திரினிற்றிக் கல்லூரியின் அங்கத்துவமும் கிடைத்தன. எப்.ஏ. தேறாதவர் அடைந்த உயரம் இது. ஆனால் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் தனிமையும் அவரது உடலை வருத்தின. 1917இலிருந்து நோயாளியாகவே இருந்தார். 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னை சேத்துப்பட்டில் தமது 32ஆவது வயதில் காலமானார். அவ்வாண்டு ஜனவரியில்கூடப் புதிய வகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதியிருந்தார்.

அவர் எழுதாத வழியை எழுதும் பணி அதன்பின் பல தலைமுறைகளுக்கு நீடித்தது. 1976இல் அமெரிக்கக் கணிதர் அன்ட்ரூஸ், திரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் அவரது இறுதிக்காலத் தாள்களைக் கண்டெடுத்தார். புறூஸ் பேர்ண்ட் என்பவர் குறிப்பேடுகளிலுள்ள முடிவுகள் ஒவ்வொன்றையும் நிறுவியும் சரிபார்த்தும் 1985 தொடக்கம் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். மிகப் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. வழி இல்லாத விடைகளைப் புறந்தள்ளாமல், அவற்றுக்கு வழி தேடுவதையே வாழ்நாட் பணியாகச் சிலர் ஏற்றதால் கணிதம் வளர்ந்தது.

வழி எழுதாமல் விடை மட்டும் எழுதும் பிள்ளைகள் எல்லாரும் இராமானுஜன்கள் அல்லர். சிலர் அவசரக்காரர், சிலர் பார்த்தெழுதியவர், சிலர் தற்செயலாகச் சரியானவர். வழி எழுதப் பழகுவது எல்லாருக்கும் அவசியம். இராமானுஜனுக்கே அது அவசியமாக இருந்தது. பகா எண் சூத்திரத்தில் அவர் தவறியது நிறுவல் இல்லாமையால்தான். ஆகவே புள்ளியிடும் திட்டத்தைக் கைவிடும்படி எவரும் கேட்கவில்லை. ஆனால் புள்ளியிடும் திட்டம் பரீட்சை மண்டபத்துக்குரியது. வகுப்பறைக்கு வேறு சட்டம் இருக்கலாம்.

கணிதத்தில் சித்தியடையாத ஒரே காரணத்தால் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் தமக்குக் கணிதம் ஓடாது என்ற முத்திரையோடு பாடசாலையை விட்டு நீங்குகிறார்கள். அவர்களுள் படம் வரைந்து சிந்திப்பவர் எத்தனை பேர், எண்களின் ஒழுங்கைக் கண்ணால் பிடிப்பவர் எத்தனை பேர், ஆறுதலாக நெடுநேரம் யோசிப்பவர் எத்தனை பேர் என்று நாம் பார்த்ததில்லை. ஒரு கணக்குக்கு இரண்டாவது வழி உண்டா என்று வாரத்தில் ஒருமுறை கேட்கலாம். பிள்ளைகளையே கணக்கு ஆக்கச் சொல்லலாம். வேறு வேறு பாங்குடைய மூவரை ஒரு கணக்கின் முன் அமர்த்தலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. சற்று நேரமும் பொறுமையும் போதும்.

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் நாராயண ஐயர் இராமானுஜனுக்கு மேலதிகாரியே. ஆயினும் ஓர் ஆசிரியர் செய்யவேண்டியதை அவர் செய்தார். சிலேட்டுடன் பக்கத்தில் அமர்ந்து, இடையிலுள்ள பத்துப் படிகளைத் தனக்காக எழுதுமாறு கேட்டார். உடுப்பிட்டியிலோ வேறெந்த ஊரிலோ, விடையை மட்டும் எழுதிவிட்டு விழிக்கும் அந்தப் பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடிழுக்கும் முன்னர், அதன் பக்கத்தில் ஒரு தடவை அமர்ந்து அவ்வாறு கேட்போமாக.